அம்பத்தெட்டு மைக்ரான்

வாங்க சார், உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, பரவால்ல, இன்னும் கூட்டவே இல்ல. அந்தச் சேர்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். போன மாசம் எங்க ஒர்க்ஷாப்புக்கு வந்து, திரும்பி வந்த பெட்டிய மேசை மேல கவுத்து, ஒவ்வொண்ணா அளந்து ஓரமா அடுக்குனீங்களே, நான் மெஷினுக்கு அக்கட்டால நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். உங்களுது நல்ல கைங்க. பீஸைக் கிள்ளிப் புடிக்காம விரல் நுனியில வெச்சு அளந்தீங்க. அப்படிப் புடிக்கறவங்க கம்மி.

கையெழுத்துக்குத்தானே வந்திருக்கீங்க? எங்க சென்னியப்ப அண்ணன், அதான் எங்க முதலாளி, ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாரு. கூட வேலை செய்யற மயிலாத்தா ஒரு தடவை வந்து இதே இடத்துல உக்காந்து அழுதா. இப்ப நீங்க. பீஸ் ஏன் கெட்டுச்சுன்னு எழுதின அந்தக் காயிதத்துல கொடிமலர்னு நான் ஒரு கையெழுத்துப் போட்டா உங்க கம்பெனி ஆர்டரைத் திருப்பிக் குடுக்கும். போடலைன்னா குடுக்காது. அதானே? நான் போட மாட்டேனுங்க. டீ போடறேன், குடிச்சிட்டு வெய்ய தாழப் போங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. யாரு மேலயும் இல்ல. ஆனா போட மாட்டேன்.

என்னங்க கேட்டீங்க? ஏன்னா?

பாத்தீங்களா, இத்தனை நாள்ல ஏன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். எல்லாரும் போடு போடுன்னாங்க. ஏன் போட மாட்டேங்கறேன்னு ஒருத்தரும் கேக்கல. சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். சித்தெ இருங்க, அடுப்பைச் சிம்ல வெச்சுட்டு வந்தர்றேன்.

இந்த பிஸ்கட்டை எடுங்க. திங்கறதுக்கு இல்லைங்க, புடிச்சுப் பாருங்க. அழுத்துனா நொறுங்கும், விட்டா நழுவும். உங்களுக்கு இதெல்லாம் தெரியும், நான் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா வரையறவங்களுக்குத் தெரியறது வேற, புடிக்கறவங்களுக்குத் தெரியறது வேற. பெரிய இரும்பை எவன் வேணாலும் புடிப்பான் சார். அது தன் வெயிட்லயே உக்காந்துக்கும். உங்க ஜாப், அதான் நாங்க வெட்டித் தர்ற பீஸ், என் சுண்டு விரல்ல பாதி இருக்குமா? மேல ஒரு பள்ளம், கீழ ஒரு பள்ளம். ரெண்டுலயும் ஒரே தகடு வழுக்கிட்டு ஓடணும், இருபது மைக்ரானுக்கு மேல விலகுனா சிக்கிக்கும். தலைமுடி ஒண்ணு எழுவது மைக்ரான் இருக்கும், அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. ஜாப்பைக் கவ்வற வைஸ்ல அழுத்திப் புடிச்சா வளையுது. லேசாப் புடிச்சா கட்டர் தொட்டதும் பறந்து போயி கதவுல அடிக்குது. மொதப் பக்கம் எப்படியோ ஓட்டிரலாம், புடிக்க அடியில இன்னும் வெட்டாத சதை இருக்கும். திருப்பறப்பதானுங்க கூத்து. புடிக்கறதுக்கு எதுவும் மிச்சமில்ல, இருக்கறது பூரா ஏற்கனவே வெட்டி முடிச்ச பக்கம். அதுல கீறலும் விழக் கூடாது.

எனக்கு முன்னால இதை வெட்டற மில்லிங் மெஷினை ரெண்டு பேரு ஓட்டினாங்க. ரெண்டு பேரும் ஐ.டி.ஐ. படிச்சவங்க. பத்துக்கு மூணு போயிரும். நான் அப்ப மூலையில உக்காந்து பிசிறு எடுத்துட்டு இருந்தேன், அரத்தை வெச்சு ஓரம் தேய்க்கற வேலை. எங்க ஊட்டுக்காரர் லோடு ஆட்டோ கவுந்து செத்து அப்ப ஆறு மாசம். கெட்டுப் போன பீஸெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பாத்துட்டே இருப்பேன். எல்லாம் ஒரே பக்கமாத்தான் சாஞ்சிருக்கும். ஒரு நாள் அண்ணன்கிட்டச் சொன்னேன், "அண்ணா, இவங்க புள்ளையக் குளிப்பாட்டத் தெரியாதவங்க"ன்னு. அவரு சிரிச்சாரு. நான் சிரிக்கல.

நீங்களே சொல்லுங்க. கைப்புள்ளைய எப்படிக் குளிப்பாட்டுவோம்? கால நீட்டி உக்காந்து, கால் மேல போட்டுத் தண்ணி ஊத்துவோம். முன்பக்கம் ஆச்சுன்னா அப்படியே கவுத்துப் போட்டு முதுகுக்கு ஊத்துவோம். உடம்பெல்லாம் எண்ணெய், இருந்தாலும் நழுவாது. அழுத்தியா புடிக்கறோம்? இல்ல. ரெண்டு காலுக்கும் நடுவுல அது உடம்புக்குன்னு ஒரு குழி இருக்கு, அதுல உக்காந்துக்குது. ஜாப்புக்கும் அதேதானுங்க. வைஸோட ரெண்டு ஜாவையும், அதான் கவ்வற தாடைகளையும், அலுமினியத்துல செஞ்சு, அந்த ஜாப்போட உருவத்துக்கே அதுல குழி வெட்டிட்டா, திருப்பிப் போட்டு லேசா இறுக்குனாப் போதும். எங்கயும் போகாது. சாஃப்ட் ஜான்னு அதுக்குப் பேரு இருக்குங்கறதே எனக்கு அப்பறம்தான் தெரியும்.

அதுல ஒரு கண்டிசன் இருக்குங்க, இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. அந்தக் குழியை அந்த மெஷின்லயே, ஜாவை மாட்டி இறுக்கின நிலையிலயேதான் வெட்டணும். வெட்டின பொறவு ஜாவைக் கழட்டக் கூடாது. கழட்டித் திருப்பி மாட்டினீங்கன்னா அது வேற ஜா. மறுபடியும் வெட்டணும், இல்லைன்னா மைக்ரான் காட்டற டயலை வெச்சு உக்காந்து சரி பண்ணணும். எனக்கு ஒரு பொழுது பூரா ஆகும்.

அண்ணன் செய்யட்டும்னு விட்டாரு. அதை மறைக்க மாட்டேன். பொம்பளைக்கு எதுக்குடா மெஷின்னு நாலு பேரு சொன்னப்பவும் விட்டாரு. எட்டு வருசமாச்சு. போன வருசம் உங்க ஆர்டர்ல ஒரு பீஸ் கூடத் திரும்பலைன்னு நீங்கதான் மெயில் போட்டீங்களாமே? அதைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டாந்து என் மெஷின் கதவுல ஒட்டினாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா தினமும் காலைல அதைத் துடைச்சேன்.

இந்தாங்க டீ. சக்கரை போதுமா பாருங்க.

இப்ப பூசைக்கு வர்றேன். ஆயுத பூசைக்கு எட்டு வருசமும் நான் போனதில்லைங்க. மொத நாள் மெஷினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, துடைச்சு, பளபளன்னு வெச்சுட்டு வந்துருவேன். பூசைக்கு வான்னா, ஊட்டுக்கு ஒறம்பரை வந்துட்டாங்கம்பேன், தலைவலிம்பேன். யாரும் வராதேன்னு சொன்னதில்ல, நானே போகல. இந்த வருசம் போலாம்னு தோணுச்சு. ஏன்னு கேக்காதீங்க, தோணுச்சு. உங்க மெயில் கதவுல ஒட்டியிருந்ததுனாலயோ என்னமோ. நல்ல சீலை கட்டிக்கிட்டேன், அரக்குக் கலரு. காலைல எந்திரிச்சு, சந்தனக் கட்டைய எடுத்துக் கல்லுல நானே ஒரசினேன். கடையில விக்கற பொடி இல்ல. கெட்டியா, ஒரு கிண்ணம் நெறைய. கை விட்டுப் போச்சு.

போனேன். வாழைக்கன்னு கட்டி, பொரிகடலை எல்லாம் வெச்சு ஜம்முனு இருந்துச்சு. எங்க ஒர்க்ஷாப்புல வழக்கம் என்னன்னா, அவங்கவங்க மெஷினுக்கு அவங்கவங்களே பொட்டு வெக்கணும். லேத்துக்கு லேத்துக்காரரு வெச்சாரு. டிரில்லிங் மெஷினுக்கு மயிலாத்தா வெச்சா. வெச்சுட்டு என்னையப் பாத்துச் சிரிச்சா. என் மெஷின் கடைசில இருக்கு. நான் கிண்ணத்தைக் கையில வெச்சுட்டுக் கிட்டப் போனேன். மூணு விரலையும் சந்தனத்துல வெச்சுட்டேன் சார். அண்ணன் வந்தாரு.

"சித்தெ இரு அம்மிணி. நல்லசிவம் வெக்கட்டும்."

அவ்வளவுதானுங்க சொன்னாரு. அதட்டல. மொகம் கூடக் கடுகடுன்னு இல்ல. கையில இருந்த கிண்ணத்தை மெதுவா வாங்கி, அவரு மச்சினன் நல்லசிவத்துக்கிட்டக் குடுத்தாரு. நல்லசிவம் யாருன்னா பெட்டி கட்டி வண்டி ஏத்தறவரு. என் மெஷினோட கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னு கூட அவருக்குத் தெரியாது. அவரு வெச்சாரு. நான் என் விரல்ல இருந்த சந்தனத்தை எங்க தொடைக்கறதுன்னு தெரியாம நின்னேன். நல்ல சீலை. அதுல தொடைக்க மனசு வரல. பதினோரு பேரு நின்னாங்க அங்க. மயிலாத்தா பொரியப் பாத்துட்டு இருந்தா, பொரியில என்னமோ எழுதியிருக்கற மாதிரி.

எனக்கு மனசு பொக்குனு போயிருச்சு. ஊட்டுக்காரர் செத்து ஒம்பது வருசம். அது மெஷினுக்குத் தெரியுமாங்க? என் கை பட்டா ஓட மாட்டேன்னு ஒரு நாளாச்சும் அது சொல்லிச்சா? வருசத்துல முந்நூறு நாள் என் கை ஆகும், ஒரு நாள் மட்டும் ஆகாதாமா? சொல்லுங்க சார். இல்ல, நீங்க எதுக்குச் சொல்லணும்.

நான் வந்துட்டேன். நான் வந்த பொறவு நடந்தது மயிலாத்தா சொல்லித்தான் தெரியும். நல்லசிவத்துக்குப் பக்தி பொத்துக்கிச்சு. மெஷின்ல பொட்டு வெச்சதோட நின்னாரா? வைஸ்ல ஜாவைப் பாத்தாரு, அலுமினியம் மங்கலா இருந்துச்சாம். ரெண்டையும் கழட்டி, பாத்திரம் வெளக்கற பவுடர் போட்டுத் தேச்சு, முன்னால பொட்டு, பின்னால பொட்டு. வைஸ்ல ஒட்டி உக்கார்ற பின்பக்கத்துல எதுக்கு? சாமிக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதானாம். காய வெச்சு, திருப்பி மாட்டிட்டாரு. போல்ட்டை இறுக்குனது மட்டும் நல்லாவே இறுக்கியிருந்தாரு, அதைச் சொல்லோணும்.

ஆக, ஜாவைக் கழட்டினது யாரு? நல்லசிவம். பின்னால சந்தனம் பூசினது யாரு? நல்லசிவம். அவருகிட்டக் கிண்ணத்தைக் குடுத்தது யாரு? அப்ப கையெழுத்து யாரு போடணும்? காயிதத்துல என் பேரு எதுக்கு இருக்கு?

ஆமாங்க. பூசை முடிஞ்சு நான்தான் ஓட்டினேன். மூணு நாள். அறுநூத்தி நாப்பது பீஸ். எனக்குக் கணக்கெல்லாம் தெரியும், நீங்க சொல்ல வேண்டியதில்ல.

டீ ஆறுது, குடிங்க.

பெட்டி திரும்பி வந்ததும் நீங்க வந்து அளந்துட்டுப் போனீங்க. எல்லாம் ஒரே அளவுக்கு விலகியிருக்குன்னீங்க. ஆர்டரை நிறுத்தினீங்க. நீங்க போன பொறவு அண்ணன் என் மெஷின்கிட்ட வந்தாரு. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. நான் வைஸ் முன்னால நின்னுட்டு இருந்தேன். செவுத்துல நான் எழுதி ஒட்டின அட்டை இருக்கும், நீங்க கூடப் பாத்திருப்பீங்க, "மொதப் பீஸ் அளக்காம ரெண்டாவது பீஸ் மாட்டாதே"ன்னு. அதைப் பாத்துட்டே நின்னாரு. பொறவு கேட்டாரு:

"டயல் வெச்சியா அம்மிணி?"

நான் துணிய எடுத்து வைஸைத் தொடைச்சேன்.

"மொதப் பீஸை அளந்தியா?"

நான் அவரு மொகத்தையே பாத்தேன். இன்னொரு தடவை கேட்டா சொல்லிருவேன்னு நெனச்சேன். அவரு கேக்கல. தலையைக் குனிஞ்சுட்டு அவரே சொல்லிக்கிட்டாரு, "அளக்காம விட்டுட்டே போல. அசந்துட்டே. பூசை நோம்பி அசதி"ன்னு. சொல்லிட்டு விடுவிடுன்னு போயிட்டாரு. மறுநாள் இந்தக் காயிதத்தைக் கொண்டாந்தாரு. "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்கு வந்துரு, நான் பாத்துக்கறேன், இதை இதோட விட்டர்லாம்"னாரு. நல்லசிவம் ஜாவைக் கழட்டினதையும் ஒத்துக்கறேன், அதையும் ரெண்டாவதா எழுதறேன்னாரு. ஆனா மொத வரியில என்ன எழுதியிருக்காருன்னு பாத்தீங்கல்ல? வாசிங்க. நீங்களே வாசிங்க, எனக்குக் கண்ணாடி அங்க இருக்கு.

"இயக்குபவரின் கவனக்குறைவு."

எட்டு வருசம் சார்! அவருக்கு எம்மேல இருந்த மதிப்பு இவ்வளவுதான் பாத்தீங்களா! அளக்காம விட்டுட்டேனாம். நானு. அசந்துட்டேனாம். என்னையப் பத்தி அந்த மனுசனுக்கு இதுகூடத் தெரியலைன்னா வேற என்னத்தைத் தெரியும்? பொட்டு வெக்க விடலைன்னாக்கூடப் பொறுத்துக்கலாம், ஊரு அப்படித்தான், அவரு ஆத்தா திட்டும், ஜோசியரு என்னமோ சொல்லுவாரு. ஆனா கொடிமலரு அளக்க மாட்டான்னு அவரு வாயால எப்படிச் சொல்லலாம்? அதைக் காயிதத்துல வேற எழுதி, நான் அதுக்கு அடியில என் பேரை வெக்கணுமா?

மயிலாத்தாளுக்கு வாரத்துல மூணு நாள்தான் சோலியாம். லேத்துக்காரரு வேற எடம் பாக்கறாராம். அவதான் உக்காந்து அழுதா. "ஒரு கையெழுத்துத்தானே அக்கா, உனக்கென்ன கொறஞ்சு போகுது"ன்னா. அன்னைக்குப் பொரியப் பாத்துட்டு இருந்தாள்ல, இன்னும் கொஞ்ச நாள் பாக்கட்டும்னு அனுப்பிட்டேன். கல்லு மனசுன்னு நெனச்சுக்குவீங்க. நெனச்சுக்கோங்க. அவ போன பொறவு எனக்குச் சோறு எறங்கல, அது வேற விசயம்.

நீங்க நல்லா அளக்கறவரு. அதனால உங்ககிட்டச் சொல்றேன். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.

பூசை முடிஞ்சு வேலைக்குப் போன அன்னைக்குக் காலைல, மெஷின் கதவைத் தொறந்ததுமே பாத்துட்டேன். ஜாவுக்கும் வைஸுக்கும் நடுவுல, ஓரத்துல, மெல்லிசா மஞ்சக் கோடு. நூலு மாதிரி. சந்தனம். நான் ஒரசின சந்தனம்தான், எனக்கு வாசமே தெரிஞ்சுது. கழட்டியிருக்காங்கன்னு அந்த நிமிசமே தெரிஞ்சு போச்சு. ரெண்டு போல்ட்டைக் கழட்டி, ஒரு ஈரத்துணியால தொடைச்சு, மாட்டி, டயல் ஓட்டியிருந்தாச் சாயங்காலத்துக்குள்ள சரியாயிருக்கும். ஆலன் கீயைக் கையில எடுத்துட்டேன். எடுத்துட்டு நின்னேன். அப்பறம் திருப்பி வெச்சுட்டேன்.

மொதப் பீஸை ஓட்டினேன். எடுத்தேன். தொடைச்சேன். அளக்கற கல்லு மேசையில வெச்சு டயலை எறக்கினேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணு தடவையும் அம்பத்தெட்டு மைக்ரான் விலகல். ஷீட்ல "ஓகே"ன்னு எழுதினேன். நான் ஓகே போட்டா அண்ணன் திரும்ப அளக்க மாட்டாரு, எட்டு வருசமா அளந்ததில்ல. ரெண்டாவது பீஸை மாட்டினேன். என் கை ஆகாத கைன்னா, அவங்க வெச்ச சந்தனமே அவங்களுக்குப் பதில் சொல்லட்டும்னு மாட்டினேன். அறுநூத்தி நாப்பதையும் மாட்டினேன். ஒவ்வொண்ணையும் பிசிறு இல்லாம, கீறல் இல்லாம, அம்பத்தெட்டு மாறாம எடுத்தேன். நீங்க அளந்தீங்கல்ல? அதுல ஒண்ணாச்சும் அம்பத்தொம்பது இருந்துச்சா? அறுவது இருந்துச்சா? கவனமில்லாதவ அப்படி எடுப்பாளாங்க?

அதனால, அந்த வரியை அடிங்க. நான் சொல்றதை எழுதுங்க. இயக்குபவர் பார்த்தார். மொதப் பீஸை மூணு தடவை அளந்தார். அம்பத்தெட்டு மைக்ரான்னு தெரிஞ்சே ஓட்டினார். அதுக்கு அடியில போடறேன் கையெழுத்து, கண்ணாடி போட்டு, முழுப் பேரும், இன்சியலோட. அண்ணனுக்கு ஆர்டரும் வந்துரும், மயிலாத்தாளுக்கு ஆறு நாளும் சோலி இருக்கும். எனக்குத்தான் இந்தக் கோயமுத்தூர்ல இனி எவனும் மெஷின் குடுக்க மாட்டான். குடுக்காட்டிப் போறான். அளக்கத் தெரியாதவன்னு எவனும் சொல்ல முடியாதுல்ல?

எழுதுங்க சார்.

என்னங்க, பேனாவை மூடறீங்க? நீங்களும் அண்ணனாட்டவே தலையைக் குனிஞ்சா என்ன அர்த்தம்? கவனக்குறைவுன்னே இருக்கட்டும்னு யாரும் எனக்குத் தயவு பண்ண வேண்டாம். குடுங்க அந்தக் காயிதத்தை. பேனாவையும் குடுங்க. நானே எழுதிக்கறேன்.